குளுவாங் ரயிலடிக் கேள்விகள்: நாட்டின் ரயில் திட்டமும் நம் காசும்

2025 ஆகஸ்ட் கடைசியில், மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருக்கிற எங்கள் குளுவாங்குக்கு இடிஎஸ் என்கிற நெடுந்தூர மின்ரயில் வந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் ரயில் பேச்சுதான். ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால் ஒரு கேள்வி, கோயிலில் அன்னதான வரிசையில் நின்றால் இன்னொரு கேள்வி. என்னைப் பிடித்துக் கேட்கக் காரணம் உண்டு. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங் வேலை பார்த்தவர். நான் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுகிறவனாக இருந்து, மறுநடவுக் கணக்கு எழுதி எழுதியே கண்ணாடி போட்டவன். இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்குப் பணத்தை மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற விஷயத்தில் ரயிலும் தோட்டமும் பங்காளிகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

1909-இல் போட்ட பாதை. பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போட நூறு வருஷத்துக்கு மேலா, அண்ணே?

ஆமாம், சரியாகச் சொன்னால் 116 வருஷம். கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஜொகூர் மாநில ரயில்பாதை 1909-இல் முடிந்தது. பாதை வந்த பிறகுதான் இரு பக்கமும் ரப்பர் தோட்டங்கள் பெருகின. 1923-இல் ஜொகூர் பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கியதும், பெட்டிகளைப் படகில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிற வேலையும் இல்லாமல் போனது. அந்தக் காலத்துச் சரக்குக்கும் ஆட்களுக்கும் ஒற்றைப் பாதை போதும்.

அப்புறம் சாலை வந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்ததும், கோலாலம்பூர் போகிறவர்கள் பஸ்ஸிலும் சொந்தக் காரிலும் ஏறிவிட்டார்கள். ரயில் மெதுவாகப் போகிறது என்று ஆட்கள் ஏறவில்லை. ஆட்கள் ஏறவில்லை என்று ரயிலுக்குப் பணம் ஒதுக்கவில்லை. பணம் இல்லாததால் ரயில் இன்னும் மெதுவானது. களை எடுக்காத தோட்டம் மாதிரிதான். விளைச்சல் இல்லை என்று உரத்தை நிறுத்துவார்கள், உரம் இல்லாததால் விளைச்சல் இன்னும் குறையும்.

நாடு முழுக்க இரட்டைப் பாதை என்ற பேச்சு பழசு. 2003-இல் பிரதமர் மகாதீர் ஓய்வுபெறும் சமயத்தில் பெரிய ஒப்பந்தமே முடிவானது. அதே வருஷக் கடைசியில் புதிய அரசு அதை ஒத்திவைத்தது. பிறகு துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டினார்கள். ஈப்போ வரைக்கும் இடிஎஸ் 2010-இல் ஓடியது. சிரம்பான் கெமாஸ் பகுதியை இந்தியாவின் இர்கோன் நிறுவனம் 2013-இல் முடித்துக் கொடுத்தது. ஈப்போ பாடாங் பெசார் 329 கிலோமீட்டர் 2014 கடைசியில் முடிந்தது. கெமாஸ் ஜொகூர் பாரு 192 கிலோமீட்டர்தான் கடைசித் துண்டு. பந்தியில் கடைசி இலை நமக்கு.

ஒற்றைப் பாதைக்கும் இரட்டைப் பாதைக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஓடுவது ஒரே ரயில்தானே?

பழைய ரயிலில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வண்டி ஒரு சின்ன நிலையத்தில் காரணமே இல்லாமல் நிற்கும். ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே செம்பனை, ஒரு நாய், ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கொடி. இருபது நிமிஷம் கழித்து எதிர்த் திசையிலிருந்து ஒரு சரக்கு வண்டி தடதடவென்று கடந்துபோகும். அதற்குப் பிறகுதான் நம் வண்டி அசையும்.

கணக்காகப் பார்ப்போம். வண்டிகள் விலகிக்கொள்ளும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 15 கிலோமீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிஷம். ஒரு வண்டி போய்ச் சேர்ந்தால்தான் எதிர் வண்டி கிளம்பலாம், அதற்கு இன்னொரு 15 நிமிஷம். சிக்னல் மாற்றுகிற நேரத்தையும் சேர்த்தால் ஒரு திசையில் அரை மணி, முக்கால் மணிக்கு ஒரு வண்டி விடுவதே பெரிய பாடு. ஒரு வண்டி பத்து நிமிஷம் தாமதமானால் அந்தத் தாமதம் எதிர் வண்டிக்கும், அதன் எதிர் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டே போகும். இரட்டைப் பாதையில் பின்னால் வரும் வண்டிக்கு இடைவெளி விட்டால் போதும், எதிரே வருவதைப் பற்றிக் கவலை இல்லை. அதனால்தான் மின்கம்பியைவிட, புதுப் பெட்டியைவிட, இரண்டாவது தண்டவாளம்தான் முக்கியம் என்று நான் சொல்வேன்.

கெமாஸ் ஜொகூர் பாரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகும் ஏன் இத்தனை வருஷம் இழுத்தது?

ஒரு பகுதி கோவிட். முழுப் பழியையும் அதன் மேல் போடக்கூடாது. இருக்கும் பாதையில் ரயிலை ஓட்டிக்கொண்டே பக்கத்தில் புதுப் பாதை கட்டுவது, குடியிருக்கும் வீட்டில் அடுப்பை அணைக்காமல் கூரையை மாற்றுகிற கதை. ஒரு பக்கம் கட்டி, ரயிலை அதற்கு மாற்றி, பழையதைப் பெயர்த்து, மறுபக்கம் கட்ட வேண்டும். நிலம் எடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். இளகிய மண் உள்ள இடங்களில் மண் இறுகும் வரை காத்திருக்க வேண்டும், அதற்கு எந்த மந்திரியும் கட்டளை போட முடியாது. ரயில் கேட் ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டு மேம்பாலமோ சுரங்க வழியோ கட்ட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகும் சிக்னல், 25,000 வோல்ட் மின்சாரம் இரண்டையும் மாதக்கணக்கில் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையை அவசரப்படுத்தச் சொல்லி யாரும் கேட்காதீர்கள்.

தோட்டத்தில் ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு வருஷம். அதுவரை செலவு மட்டும்தான், வரவு பூஜ்யம். அந்த வருஷங்களில் புத்தகத்தைப் பார்க்கிற மேலதிகாரிக்கு வயிற்றைக் கலக்கும். நட்டது போதும், நிறுத்தலாமா என்பார். 2003-இல் நடந்தது அதுதான். நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கும்போது விலைவாசி ஏறியிருக்கும், பழகிய ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். தாமதத்தின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? கேடிஎம் கட்டுகிறதா?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 1992-இல் ரயில்வேயை இரண்டாகப் பிரித்தார்கள். வண்டியை ஓட்டுவது கேடிஎம் நிறுவனம், அது நிதியமைச்சின் கையில். நிலமும் பாதையும் மற்ற சொத்துகளும் ரயில்வே சொத்துக் கழகத்தின் பெயரில், அது போக்குவரத்து அமைச்சின் கீழ். டாக்சிக்காரர் ஒருவர், சாலை இன்னொருவருடையது என்பது போல.

புதுப் பாதை கட்டுகிற பணம் அரசாங்கத்தின் வளர்ச்சிச் செலவிலிருந்து வருகிறது. ஐந்தாண்டு மலேசியத் திட்டத்தில் பெயர் இருக்க வேண்டும், பிறகு வருஷா வருஷம் பட்ஜெட்டில் தொகை விழ வேண்டும். இப்போது நடப்பது 13-ஆவது மலேசியத் திட்டம், 2026 முதல் 2030 வரை. ரயில்பாதையோ பத்து, பதினைந்து வருஷ வேலை. ஐந்து வருஷத் திட்டம், ஒரு வருஷ பட்ஜெட், நடுவில் ஒரு பொதுத்தேர்தல். மூன்று கடிகாரம் மூன்று நேரம் காட்டுகிறது.

சுவிட்சர்லாந்தில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரயில் உள்கட்டமைப்புக்கென்று தனி நிதி, 2014-இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் வாங்கி 2016-இலிருந்து நடக்கிறது. பராமரிப்பும் விரிவாக்கமும் அந்த நிதியிலிருந்துதான். யார் ஆட்சிக்கு வந்தாலும் குழாயை மூட முடியாது. இந்தியாவில் நேர்மாறு. 1924 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது, 2017-இல் அதைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். தனி பட்ஜெட் இருந்தாலே பணம் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. அங்கே ரயில்வே பட்ஜெட் தினம், எம்பிக்கள் தங்கள் ஊருக்குப் புது ரயில் கேட்கிற திருவிழாவாகத்தான் பல வருஷம் நடந்தது. எனக்கு சுவிஸ் வழி பிடிக்கிறது.

டிக்கெட் காசிலேயே கட்டிவிட முடியாதா?

முடியாது. உலகத்தில் அநேகமாக எங்கேயும் பாதை கட்டுகிற செலவைப் பயணி டிக்கெட் தருவதில்லை. கெமாஸ் ஜொகூர் பாரு பகுதிக்கு ஏறக்குறைய 9 பில்லியன் வெள்ளி (ரிங்கிட்). கிலோமீட்டருக்கு 47 மில்லியன் வருகிறது. அதை டிக்கெட்டில் ஏற்றினால் நாம் நடந்துதான் போக வேண்டும். நம் வீட்டு வாசல் சாலையை நாம் காசு கொடுத்தா போட்டோம்?

அப்படியானால் கிழக்குக் கரைக்கு மட்டும் 75 பில்லியனா? நமக்கு 9 தானா?

இசிஆர்எல் என்கிற கிழக்குக் கரை ரயில்பாதை, கோத்தா பாருவிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை 665 கிலோமீட்டர், 74.96 பில்லியன் வெள்ளி. கிலோமீட்டருக்கு 113 மில்லியன் அளவில் வரும், நம் பாதையைவிட இரண்டு மடங்குக்கு மேல். காரணம் இல்லாமல் இல்லை. நமக்கு நூறு வருஷமாக ரயில்வே நிலம் கையில் இருந்தது, அவர்களுக்குப் பெரும்பாலும் புது வழி. தித்திவங்சா மலையைக் குடைந்து 16 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். தண்டவாள அகலமும் வேறு: நம்முடையது ஒரு மீட்டர், அது 1435 மில்லிமீட்டர். நம் வண்டி அங்கே ஓடாது, அந்த வண்டி இங்கே ஓடாது. சரக்கை மாற்றி ஏற்ற வேண்டிய இடங்களில் அதற்கான செலவும் காலத்துக்கும் இருக்கும்.

அந்தத் திட்டத்தின் விலை ஏறி இறங்கி ஏறியதை எல்லாரும் பார்த்தோம். 2018-இல் நிறுத்தினார்கள், 2019-இல் பேரம் பேசி 44 பில்லியனுக்குக் கொண்டுவந்தார்கள், பிறகு வழியை மாற்றி நீட்டியதில் மறுபடி கூடியது. பணத்தில் 85 விழுக்காடு சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கிக் கடன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கூட்டு (சீட்டு) கட்டி முதல் மாதமே முழுத் தொகையை எடுத்துக்கொண்ட மாதிரி. வீட்டுக்குச் சாமான் வந்துவிட்டது, இனி மாதா மாதம் கட்ட வேண்டும். சாமான் உழைத்தால் தப்பில்லை. 2027 தொடக்கத்தில் ஓட வேண்டும் என்பது திட்டம். ஓடின பிறகு சரக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்துத்தான் கணக்குப் பார்க்க முடியும்.

ரயிலை எதற்கு வாடகைக்கு எடுக்கிறார்கள்? சொந்தமாக வாங்க வக்கில்லையா?

கோபமாகக் கேட்டவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அவருக்குச் சொன்ன கணக்கையே இங்கே சொல்கிறேன்.

2025-இல் அரசு அறிவித்தது: சீனாவிலிருந்து 62 ரயில்கள், 30 வருஷக் குத்தகை, மொத்தம் 10.7 பில்லியன் வெள்ளி. வகுத்துப் பார்த்தால் வருஷத்துக்கு 357 மில்லியன் அளவில் வரும். ஒரு ரயிலுக்கு வருஷம் ஆறு மில்லியனுக்குக் கொஞ்சம் குறைவு. மொத்தமாக வாங்கினால் முதல் இரண்டு மூன்று வருஷத்தில் பெரிய தொகை வெளியே போகும், பட்ஜெட் தாங்காது, அதனால் பாதி ரயிலை வாங்கிவிட்டு மீதியைத் தள்ளிவைப்பார்கள். பாதை ரெடி, வண்டி இல்லை என்ற நிலை நமக்குப் புதிதல்ல. குத்தகையில் வண்டி சீக்கிரம் வரும், செலவு முப்பது வருஷத்துக்குப் பரவும். ஒரு ரயில் பெட்டியின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஒரு செம்பனை மரத்தின் ஆயுள் 25 வருஷம் என்பது போல. ஆயுளும் தவணையும் ஒத்துப்போவது நல்ல கணக்கு.

நான் உஷாராக இருக்கச் சொல்வது வேறு இடத்தில். உதிரிபாகம் யார் பொறுப்பு? பதினைந்தாவது வருஷம் வண்டியை முழுக்கப் பிரித்துப் பழுது பார்க்க வேண்டுமே, அந்தச் செலவு தவணைக்குள்ளா வெளியிலா? வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் வாடகை கட்ட வேண்டுமா? எந்த நாணயத்தில்? வாடகைக்கா சொந்தமா என்பதைவிட இந்த நான்கு கேள்விக்கும் பதில்தான் கணக்கைத் தூக்கும் அல்லது கவிழ்க்கும். லாரிக்காரர் தலையாட்டினார். லோனில் லாரி வாங்கியவருக்கு இது புரியாதா?

அதிவேக ரயில் என்னாச்சு? 90 நிமிஷத்தில் சிங்கப்பூர் என்றார்களே?

2013-இல் அறிவித்து, 2016 டிசம்பரில் இரு நாடும் ஒப்பந்தம் போட்டு, 2018-இல் ஒத்திவைத்து, 2020 கடைசியோடு முடிந்துபோன விவகாரம். சிங்கப்பூருக்கு நாம் 102.8 மில்லியன் சிங்கப்பூர் டாலர் இழப்பீடு கட்டினோம். மறுபடி பேச்சு எழுகிறது, அடங்குகிறது. ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். அந்த 350 கிலோமீட்டர் பாதை மூவார், பத்து பகாட் வழியாகத்தான் போட்டிருந்தார்கள். குளுவாங்கைத் தொடவே இல்லை.

வேகத்துக்காக வேகம் தேவையா என்பதே எனக்குக் கேள்வி. சுவிஸ்காரர்கள் 1987-இல் ஒரு பெரிய ரயில் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். முதலில் கால அட்டவணையை எழுதினார்கள்: முக்கிய நிலையங்களில் எல்லா ரயிலும் மணி அடிக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால் வந்து, சற்றுப் பின்னால் கிளம்ப வேண்டும், மாறி ஏறுகிறவர் காத்திருக்கக்கூடாது. அதற்கு சூரிச் பெர்ன் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்காக மட்டும் 45 கிலோமீட்டர் புதுப் பாதை, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு. 2004-இல் முடித்தார்கள். 300 கிலோமீட்டர் வேகப் பாதை கேட்கவில்லை, தேவைப்படவில்லை. நம் ஊரில் முதலில் பாலத்தைக் கட்டி, ரிப்பன் வெட்டி, அப்புறம் எத்தனை மணிக்கு வண்டி என்று யோசிக்கிறோம்.

நம் இடிஎஸ் மணிக்கு 140 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு மீட்டர் அகலப் பாதைக்கு அது நல்ல வேகம். கோலாலம்பூர் ஜொகூர் பாரு நான்கரை மணிக்குள் வந்துவிட்டது. இனி ஒரு மணிக்கு ஒரு வண்டி என்று ஆனால், அதுவே நமக்கு அதிவேக ரயில்.

புதுப் பாதை வந்தாச்சு. இனிச் செலவு குறையும்தானே?

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவின் கேங்கில் மேஸ்திரியான மண்டோரோடு சேர்த்து ஏழெட்டுப் பேர். விடியற்காலை தண்டவாளத்தின் மேல் நடந்துபோய்த் தங்கள் மைல்களைப் பார்ப்பார்கள். அப்பா ஒரு நீளக் கைப்பிடிச் சுத்தியல் வைத்திருப்பார். தண்டவாள இணைப்பில் ஒரு தட்டு. "டிங்" என்று கேட்டால் நடையை நிறுத்தமாட்டார். "டொக்" என்று கேட்டால் குனிந்துவிடுவார். போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது கட்டை உளுத்திருக்கும். அப்போது ஸ்லீப்பர் எல்லாம் செங்கால் மரம். மழைக்காலத்தில் கட்டைக்கு அடியில் சேறு மேலே வந்துவிடும், கல்லைக் கிளறி, சலித்து, திரும்ப அடித்து இறுக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். சோற்றைப் பிசையும்போது அம்மாதான் ரசத்தை ஊற்றிவிடுவார்.

இப்போது கான்கிரீட் ஸ்லீப்பர், பற்றவைத்த நீளத் தண்டவாளம், கல்லை இறுக்க எந்திரம். ஆனால் தேய்மானம் தேய்மானம்தான். தண்டவாளம் தேயும், கல் பொடியாகும், மின்கம்பியின் அடிப்பகுதி உரசி மெலியும், சிக்னல் கணினிக்கு உதிரிபாகம் வராமல் போகும். கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1995-இல் கொமூட்டர் என்கிற புறநகர் ரயில் ஓடத் தொடங்கியபோது அது நாட்டின் பெருமை. இருபது வருஷம் ஓட்டிய பிறகு, 2016-இல் அந்த இரட்டைப் பாதையைப் பெயர்த்துப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். பல வருஷம் ஒற்றைப் பாதையில் மாறி மாறி ஓட்டி, பயணிகள் நொந்து, பாதிப் பேர் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்கள். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்திருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

தோட்டத்தில் நூறு ஏக்கர் புதிதாக நட்டால் மேனேஜர் பெயர் ஆண்டறிக்கையில் வரும். களை எடுத்தவன் பெயர் எங்கே வரும்? ரயிலிலும் பராமரிப்புக்கு ரிப்பன் கிடையாது. அதனால்தான் பணம் முதலில் அங்கேதான் வெட்டுப்படுகிறது. குளுவாங் பாதைக்கு இன்று வயது ஒன்றோ இரண்டோ. 2045-இல் இதைப் புதுப்பிக்க வேண்டிய பணத்தை இப்போதிருந்தே ஒதுக்குகிறார்களா என்பதுதான் எம்பியிடம் கேட்க வேண்டிய கேள்வி. நிலையத்துக்குப் பெயிண்ட் எப்போது என்பதல்ல.

கட்டிய பாதை பின்னாளில் பயன்படாமல் போனால் காசு தண்டம்தானே?

நடந்திருக்கிறது. நாட்டின் முதல் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, 1885-இல் திறந்தது. இன்று அதில் தண்டவாளம் இல்லை. தெலுக் இந்தான் கிளைப் பாதையும் போய்விட்டது. ஜப்பான்காரன் காலத்தில் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்து சயாம்-பர்மா மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனான், தோட்டங்களிலிருந்து நம் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதுபோலவே. தண்டவாளம் திரும்பப் போடப்பட்டது ஐம்பதுகளில்தான். ஆட்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

என் கணக்கில் தண்டவாளம் போனால் வாங்கிக்கொள்ளலாம், நிலம் போனால் கிடைக்காது. கெமாஸ் ஜொகூர் பாரு இரட்டைப் பாதை கட்ட முடிந்ததே 1909-இல் ஒதுக்கிய நிலம் கையில் இருந்ததால்தான். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் வரை ஓடிய பாதை 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றது. அந்த நீள நிலத்தை அவர்கள் துண்டு போட்டு விற்கவில்லை, பெரும்பகுதியை நடைபாதையாக அப்படியே வைத்திருக்கிறார்கள். நாம் பழைய கிளைப் பாதை நிலத்தில் கடைவீடு கட்டிவிட்டோம்.

ரயில்வே நிலத்தில் எங்கள் கோயில் இருக்கிறது. அடுத்த திட்டம் வந்தால் உடைப்பார்களா?

இந்தக் கேள்வியை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். ரயில்வே கேங் குடியிருப்பு இருந்த இடமெல்லாம் ஒரு முனியாண்டியோ மாரியம்மனோ இருந்தார்கள். வேல் நட்டு, கல் வைத்து, அப்புறம் தகரக் கூரை, அப்புறம் கோபுரம். பத்திரம் என்று ஒன்று அப்போது யாருக்குத் தோன்றியது?

2010-ஆம் ஆண்டுத் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, ரயில் திட்ட வரைபடத்தை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், எழுத்தில் கருத்துச் சொல்லலாம். அந்த மூன்று மாதம்தான் பேசுகிற நேரம். புல்டோசர் வந்த பிறகு முன்னால் படுப்பது வீரம்தான், ஆனால் கோடு அப்போது மாறாது. வரைபடத்தில் கோடு போடுகிற சமயத்தில் ஐந்து மீட்டர் நகர்த்தச் சொல்லிக் கேட்டால், சில இடங்களில் நடக்கும். நடக்காவிட்டால் மாற்று நிலத்தை எழுத்தில் வாங்கலாம்.

நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், வீடமைப்புத் திட்டத்துக்கு நிலத்தை விற்றார்கள். வாய்மொழியாக "கோயிலுக்கு இடம் உண்டு" என்றார்கள். நம் கமிட்டி நம்பியது. பிறகு நிர்வாகம் மாறியது, சொன்னவர் போய்விட்டார், காகிதம் ஒன்றும் இல்லை. அம்மன் சிலை இரண்டு வருஷம் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் இருந்தது. ஆகவே, இன்றைக்கே நில அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்து யார் பெயரில் இருக்கிறது என்று தேடல் பத்திரம் எடுத்துவைக்கவும். கோயில் எப்போதிலிருந்து இருக்கிறது என்பதற்குப் பழைய போட்டோ, திருவிழா நோட்டீஸ், ரசீது எல்லாவற்றையும் சேர்க்கவும். பெரிய வேலை இல்லை, ஒரு சனிக்கிழமை போதும்.

ரெங்கம், பாலோ, லயாங்-லயாங் மாதிரி சின்ன ஊர்களில் எல்லா ரயிலும் நிற்காதா?

நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஆனால் 140-இல் வரும் வண்டியை நிறுத்தி, ஆள் ஏற்றி, திரும்ப அந்த வேகத்துக்குக் கொண்டுவர நான்கைந்து நிமிஷம் போகும். பத்து இடத்தில் நின்றால் முக்கால் மணி. அப்புறம் கோலாலம்பூர்க்காரர் பஸ்ஸே மேல் என்பார். வேக வண்டி ஒன்று, எல்லா இடத்திலும் நிற்கிற ஊர் வண்டி ஒன்று என்று இரண்டு வகை ஓட்டுவதுதான் வழி. அதற்குத்தானே இரட்டைப் பாதை? காலையில் செகாமட்டிலிருந்து கிளம்பி ஜொகூர் பாரு (ஜேபி) வரை எல்லா ஊரிலும் நிற்கிற ஒரு வண்டியை நாம் கேட்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டாரில் கிளம்பிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஆர்டிஎஸ் வந்தால் இங்கிருந்தே சிங்கப்பூர் போகலாமா?

நேராக முடியாது, ஜேபியில் மாற வேண்டும். ஆர்டிஎஸ் என்பது எல்லை தாண்டுகிற துரித ரயில்: ஜேபியின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை 4 கிலோமீட்டர், ஐந்து நிமிஷப் பயணம், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பேர் வரை ஏற்றும். திட்டப்படி 2026 கடைசி, 2027 தொடக்கம். முதல் இடிஎஸ் அதற்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் குளுவாங்குக்குப் பயன்.

சரக்கு?

ஒரு சரக்கு ரயில் பல பத்து லாரிகளுக்குச் சமம். செம்பனை எண்ணெயும் சிமெண்டும் கொள்கலனும் இரவில் தண்டவாளத்தில் போனால், ஆயர் ஈத்தாம் சாலையில் லாரிக்குப் பின்னால் நாம் ஊர வேண்டாம். ஆனால் தொழிற்சாலை வாசல் வரை கிளைப் பாதை இல்லாவிட்டால் லாரி முதலாளிதான் ஜெயிப்பார்.

நம் பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறதா?

இருக்கிறது. அப்பா காலத்து வேலை அல்ல. ஓட்டுநர், சிக்னல், மேல்மின்கம்பி, பணிமனை மெக்கானிக். ஒருகாலத்தில் செந்தூல் பணிமனையைச் சுற்றி ஒரு தமிழ் ஊரே இருந்தது. இப்போது பெரிய பணிமனை பத்து காஜாவில். எஸ்பிஎம் பள்ளித் தேர்வு முடித்துத் தொழிற்கல்வியில் மின்சாரமோ எந்திரமோ படித்த பிள்ளைக்கு இது முப்பது வருஷ வேலை. ரயில்கள் வந்து சேர்ந்த பிறகு ஆள் தேடினால் தாமதம், படிப்பை இப்போதே தொடங்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, மாமா. தீபாவளிக்குக் கோலாலம்பூரிலிருந்து டிக்கெட் கிடைக்குமா?

எங்கள் தெருப் பையன் கேட்டான். பாதை இரண்டாகிவிட்டதே, இனி நினைத்த நேரத்தில் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான். பாதையில் இடம் இருக்கிறது, வண்டிதான் இல்லை. 62 ரயிலும் வந்து சேருகிற வரை, விற்பனை திறந்த அன்றே போனில் உட்கார்ந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன்.